ஜங்ஷன் கடை, ரெஜிஸ்டர் பண்ணாத அஞ்சு வருஷ அக்ரிமெண்ட்

அண்ணாச்சி, நீங்க சொல்லுதத பாத்தா கடைக்கு அஞ்சு வருஷம்னு இருவது ரூவா பத்திரத்துல எழுதி ஆறு மாசம் ஆச்சு, உள்ள டைல்ஸ், ஷட்டர், ஏசின்னு துட்ட எறக்கியாச்சு, இப்ப ஓனரு காலி பண்ணு இல்லன்னா கரண்ட புடுங்கிருவேங்காரு, அதான?

கரண்டுக்கு பயப்படாதீய. 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு புது வாடகைச் சட்டம் கடைக்கும் உண்டு, கரண்டு தண்ணிய ஓனரு நிறுத்தக்கூடாது, நிறுத்துனா வாடகை அதிகாரிட்ட மனு குடுக்கலாம். காலி பண்ண வைக்கணும்னாலும் வாடகை கோர்ட் வழியாத்தான், ராவோட ராவா பூட்டு மாத்துத சோலியெல்லாம் செல்லாது.

ஆனா உங்க பக்கம் ஓட்டை பெருசு. ஒரு வருஷத்துக்கு மேல லீஸுன்னா 1908 பதிவுச் சட்டப்படி ரெஜிஸ்டர் கட்டாயம், இல்லன்னா அந்த அஞ்சு வருஷத்த கோர்ட்ல சாதிக்கது கஷ்டம், மாச வாடகைக்காரராத்தான் பாப்பாங்க. எழுதி நாலு மாசத்துக்குள்ள சார்பதிவாளர் ஆபீஸ் போயிருக்கணும், தவறுனா அபராதத்தோட இன்னும் நாலு மாசம் உண்டு, அதனால உங்களுக்கு ரெண்டு மாசம் கெடக்கு. முத்திரைத்தீர்வை பாக்கியும் கட்டணும். ஓனரு வந்து ஒத்துக்கிடணுமே, அங்கதான் இடிக்கும். வரலன்னா சம்மன் அனுப்பச் சொல்லி சார்பதிவாளர்ட்ட கேக்க வழி இருக்கு, பாளையங்கோட்டை கோர்ட்ல சிவில் பாக்குத வக்கீலு யாரையாவது இந்த வாரமே பாருங்க.

வாடகைய கையில குடுக்காதீய, பேங்க்ல போடுங்க, வாங்க மாட்டேன்னா வாடகை அதிகாரிட்ட கட்டலாம். டைல்ஸ், ஏசி பில்லெல்லாம் பத்திரமா வச்சிக்கிடுங்க.