சிக்னலில் வண்டி காத்திருப்பது விளக்குக்கு எப்படித் தெரிகிறது?

ஆளே இல்லாத சாலையில் நாம் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் பச்சை விழுகிறதே, அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியின் எடையை வைத்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நிறுத்தக் கோட்டுக்கு அருகே தார்ச்சாலையை உற்றுப் பாருங்கள். செவ்வகமாகவோ வட்டமாகவோ ஒரு மெல்லிய வெட்டுக்கோடு, கருப்புப் பசையால் அடைத்தபடி தெரியும். அதற்குள் செம்புக் கம்பி சில சுற்றுகள் புதைந்திருக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறுவதால், மேலே ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. கார் வந்து நின்றதும் அதன் அடிப்பக்க உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அந்தப் புலத்தை எதிர்க்கிறது. கம்பிச் சுருளின் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, குறைகிறது; அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறுகிறது என்பது, லேசாக ஏறுகிறது. இந்தச் சின்ன மாற்றத்தைச் சாலையோரப் பெட்டியில் இருக்கும் கருவி பிடித்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: யாரும் எதையும் தொடவில்லை.

இரும்புதான் வேண்டும் என்றில்லை, அலுமினியமும் போதும். அதனால் சைக்கிளில் போகிறவர்கள் சுருளின் நடுவில் நிற்காமல், வெட்டுக்கோட்டின் மேலேயே இரண்டு சக்கரமும் இருக்கும்படி நில்லுங்கள். கம்பிக்குப் பக்கத்தில்தான் புலம் வலுவாக இருக்கும். வண்டியடியில் காந்தம் ஒட்டினால் பச்சை விழும் என்பார்கள், நம்ப வேண்டாம்.

அப்புறம், சாலையை வெட்டாமல் கம்பத்தில் கேமராவோ ரேடாரோ பொருத்துவதும் உண்டு. கேமராவுக்கு மூடுபனி தொல்லை, ரேடாருக்கு அது பெரிதில்லை. பல சிக்னல்களில் இவை எதுவுமே கிடையாது, வெறும் நேரக்கணக்குதான்.