தண்ணீர் நிற்கும் பழைய சுரங்க வடிகால்கள்: கேள்வி பதில்

ஏற்காடு: சார், எங்க ஊர் பாக்சைட் சுரங்கத்திலும் வடிகால் குகை இருக்குங்களா?

இல்லை. வடிகால் குகை என்பது நிலத்தடிச் சுரங்கத்தின் தண்ணீர் வெளியேற மலைக்குள் வெட்டிய பாதை. சேர்வராயன் மலை பாக்சைட்டும் சேலம் வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) திறந்தவெளியில் வெட்டியவை. வெள்ளைக்கல் குழித் தண்ணீரில் குளிக்க இறங்காதீர்கள். கரை செங்குத்து, ஏற வழி கிடைக்காது.

ஓமலூர் (இப்போது வேல்ஸில் வேலை): இங்கே ஒரு குழு பழைய வடிகாலுக்குள் கூட்டிப்போகிறது. முழங்கால் தண்ணீர்தான். எதைக் கவனிக்கணும்?

முதலில் வாசல். எப்போதும் ஓடும் தண்ணீர் திடீரென்று குறைந்திருந்தால் நுழையவே வேண்டாம். உள்ளே கூரை சரிந்து மண் குவிந்தால் அதுவே அணை. பின்னால் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதென்று முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்தில் 2015 ஆகஸ்ட் 5 அன்று வாசல் மண்ணைத் தோண்டப்போய், சுமார் 30 லட்சம் கேலன் தண்ணீர் பீறிட்டது. மண்குவியலில் கை வைக்காதீர்கள், ஏறித் தாண்டவும் கூடாது.

அடுத்து தரை. கீழ்மட்டத்துக்கு இறங்கும் குழிகளை அந்தக் காலத்தில் பலகை போட்டு மூடியிருப்பார்கள். பலகை மக்கியிருக்கும், கலங்கிய தண்ணீரில் தெரியாது. நீளக் கம்பால் குத்திப் பார்த்துத்தான் ஒவ்வோர் அடியும். தேங்கிய சேற்றை மிதிக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டதாக நினைக்காதீர்கள். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துவிடும்.

அஸ்தம்பட்டி: நாலு வாயு மீட்டர் போதுமா?

போதாது. வழக்கமான மீட்டர் ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு மட்டும் பார்க்கும். ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 20.0க்கு இறங்கினால் அலாரம் அடிக்காது, அது 19.5இல்தான் அடிக்கும். ஆனால் அந்தக் குறைவு கரியமில வாயு கலந்ததால் வந்தது என்றால், காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், கரியமில வாயு 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, உயிருக்கே ஆபத்து. கரியமில வாயுவுக்குத் தனி சென்சார் வேண்டும். தலைமட்டத்திலும் தண்ணீர் மட்டத்திலும் அளக்கணும்.

ஆத்தூர்: கிணறு இறங்குறவங்க விளக்கைத்தானே விட்டுப் பாக்குறாங்க?

கிணற்றிலும் அது போதாது. சுடர் அணைவதற்குள் ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வந்திருக்கும். விஷவாயுவைச் சுடர் காட்டாது. மீத்தேன் 5 சதவீதம் இருந்தால் வெடிக்கும்.

ஆத்தூர்: எங்க பகுதியில காலங்காலமா அப்படித்தான் சார்.

கிணற்றில் மூச்சுத் திணறிச் சாகிறவர்களும் காலங்காலமாக உண்டு தம்பி. விளக்கை விடுங்கள், மீட்டர் வாங்குங்கள்.

மேட்டூர்: மாஸ்க் போட்டா?

ஃபில்டர் ஆக்சிஜன் தராது.

சங்ககிரி: நல்ல மாஸ்க்?

மேலே சொன்னதுதான்.

தாரமங்கலம்: உள்ளே போனவர் திரும்பலைன்னா?

திரும்பும் நேரத்தை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டே போகணும். நேரம் தாண்டினால் அவர் தேடி உள்ளே வரக் கூடாது, மீட்புப் படையைக் கூப்பிடணும். முதல் ஆளைத் தூக்கப் போன இரண்டாம் ஆளும் அதே காற்றைத்தான் இழுப்பார்.