செந்துளுவன் ஏன் பச்சையானது? – அறிவியல் கேள்வி பதில்

மரபியலைப் பற்றிய கடிதங்கள் இம்முறை குமரி மாவட்டத்திலிருந்தே மிகுதியாக வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் படி என்று படித்தோம். டி.என்.ஏ.விலிருந்து நேராகவே புரதம் செய்துகொள்ளக் கூடாதா? படியில் மட்டும் தைமினுக்குப் பதிலாக யுராசில் வருவது ஏன்?
– பிளஸ் ஒன் மாணவி, தக்கலை

பதில்: டி.என்.ஏ. என்பது சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி அமைந்த இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றிய மூலக்கூறு. இழைகளுக்கு நடுவில், செய்தியின் எழுத்துகளாக அமையும் நான்கு காரங்களுள் அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசைனோடும் இணை சேர்ந்து நிற்கின்றன. இந்த அமைப்பை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டார்கள். அதற்கு வலுவான சான்றாக நின்ற எக்ஸ் கதிர்ப் படம் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. அவர் 1958-இலேயே மறைந்துவிட்டதால் 1962-இல் வழங்கப்பட்ட நோபல் பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆயினும் தேர்வில் இக்கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது அவரையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

மனிதச் செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்களாகப் பிரிந்திருக்கும் டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். புரதத்தைக் கோக்கும் ரைபோசோம்களோ உட்கருவுக்கு வெளியே உள்ளன. எனவே செய்தி வெளியே செல்ல ஒரு படி வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பிழையன்று என்றாலும் போதுமானதும் அன்று. ஏனெனில் உட்கருவே இல்லாத பாக்டீரியாவும் ஆர்.என்.ஏ. வழியாகத்தான் புரதம் செய்கிறது. உண்மையான ஆதாயம் அளவைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. ஒரு மரபணுவிலிருந்து தேவைக்கேற்பப் பல படிகள் எடுக்கலாம், ஒவ்வொரு படியிலிருந்தும் பல புரதங்கள் செய்யலாம், தேவை தீர்ந்ததும் படிகளைச் சிதைத்துவிடலாம். மூலம் சேதமின்றி அப்படியே இருக்கும். இன்சுலினுக்கான மரபணு உங்கள் தோல் செல்லிலும் இருக்கிறது, ஆனால் கணையத்தின் பீட்டா செல்களே அதைப் படியெடுத்து இன்சுலினாக்குகின்றன. ஒரே டி.என்.ஏ.வைக் கொண்ட செல்கள் கண்ணாகவும் ஈரலாகவும் வேறுபடுவதும், எந்தப் பகுதி படியெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே.

சிதைக்க எளிதாக இருப்பது ஆர்.என்.ஏ.வின் வேதியியலிலேயே உள்ள குணம். அதன் சர்க்கரையான ரைபோஸில், டி.என்.ஏ.வின் சர்க்கரையில் இல்லாத ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக இருக்கிறது. இழை விரைவில் அறுபட அதுவே வழி செய்கிறது. புரதத்துக்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ. பாக்டீரியாவில் பெரும்பாலும் சில நிமிடங்களே நிலைக்கும்.

யுராசிலுக்கு வருவோம். சைட்டோசைன் தன் அமினோ தொகுதியைத் தானாகவே இழந்து யுராசிலாக மாறிவிடும் இயல்புடையது. இது நம் ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் பலமுறை நடக்கிறது. டி.என்.ஏ.வில் இயல்பாகவே யுராசில் இருந்திருந்தால், எது முறையான யுராசில், எது கெட்டுப்போன சைட்டோசைன் என்று பிரித்தறிய வழியிருந்திராது. தைமின் என்பது ஒரு மெத்தில் தொகுதி சேர்க்கப்பட்ட யுராசிலே. அந்தச் சிறு அடையாளம் இருப்பதால், டி.என்.ஏ.வில் வெறும் யுராசில் தென்பட்ட இடமெல்லாம் சேதம் என்று கொண்டு பழுதுநீக்கும் நொதிகள் அதை வெட்டி எடுத்துச் சரிசெய்கின்றன. சிறிது நேரமே வாழும் ஆர்.என்.ஏ.வுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கேள்வி: செந்துளுவன் (செவ்வாழை) கன்றுகள் வாங்கி வைத்தோம். ஒரு வாழை மட்டும் பச்சைத் தண்டோடு வளர்ந்து பச்சைக் குலை தள்ளியது. கன்று தந்தவர் வேறு இனத்தைக் கலந்துவிட்டாரா?
– வாழை விவசாயி, திருவட்டாறு

பதில்: கலந்திருக்கவும் கூடும், ஆனால் காயின் வடிவமும் பருமனும் செந்துளுவனைப் போலவே இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், அவர்மீது குற்றம் சொல்ல வேண்டியதில்லை. செந்துளுவனில் இம்மாற்றம் நன்கு அறியப்பட்டது.

வாழையில் குரோமோசோம்கள் பதினொன்று கொண்ட தொகுதிகளாக உள்ளன. நம் மாவட்டத்துக்கே உரியதும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதுமான மட்டி வாழையில் இரண்டு தொகுதிகள், அதாவது 22 குரோமோசோம்கள். ஏத்தன் எனப்படும் நேந்திரனிலும் செந்துளுவனிலும் மூன்று தொகுதிகள், அதாவது 33. மூன்றைச் சமமாக இரண்டாகப் பகிர முடியாததால், இனச்செல்களை உண்டாக்கும் குன்றல் பகுப்பு குழம்பி, முறையான மகரந்தமோ சூலோ உருவாவது அரிதாகிறது. ஆகவே பரம்பரை முழுவதும் கிழங்கிலிருந்து முளைக்கும் பக்கக்கன்று வழியாகவே தொடர்கிறது; தாய்க்கும் கன்றுக்கும் டி.என்.ஏ. ஒன்றே.

ஒன்றே எனினும், ஒவ்வொரு செல் பிரியும்போதும் டி.என்.ஏ. முழுவதும் இரட்டிப்பாக வேண்டும். நொதிகள் பிழை திருத்திக்கொண்டே படியெடுத்தாலும், அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும், அல்லது ஒரு துண்டு விடுபட்டுவிடும். இதுவே சடுதிமாற்றம். கன்றின் வளர்நுனியிலுள்ள ஒரு செல்லில் இது நேர்ந்து, அச்செல்லின் வழித்தோன்றல்கள் தண்டிலும் குலையிலும் பரவினால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும். செந்துளுவனின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அதை உண்டாக்கும் வேதிவினை வரிசையில் ஒரு கட்டம் தடைபட்டால் போதும், பச்சையம் மட்டும் தெரியும். பச்சை நிறத்துக்கென்று புதிய மரபணு எதுவும் வந்து சேர வேண்டியதில்லை. மரபியலில் காணும் மாற்றங்களுள் பல இப்படி ஒன்று நின்றுபோவதால் வருபவையே, புதிதாக ஒன்று தோன்றியதால் வருபவை அல்ல.

அந்த வாழையின் பக்கக்கன்றுகளும் பச்சையாகவே வரும் என்று எதிர்பார்க்கலாம். சந்தையில் சிவப்புக்குத்தான் விலை என்பதால், தண்டு சிவந்திருக்கும் கன்றுகளை மட்டும் பிரித்து நடுங்கள்.

கேள்வி: எனக்கு ஏ வகை இரத்தம், மனைவிக்கு பி, மகளுக்கு ஓ. இது எப்படி என்று உறவினர் ஒருவர் கேட்டது மனத்தை வருத்துகிறது.
– ஒரு தந்தை, குளச்சல்

பதில்: உங்கள் உறவினரின் ஐயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு 9-ஆம் குரோமோசோமில் உள்ளது. ஒவ்வொருவருக்கும் அம்மரபணுவின் படிவங்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு இருக்கும். உங்களிடம் ஏ-யும் ஓ-வும், உங்கள் மனைவியிடம் பி-யும் ஓ-வும் இருந்தால், இருவரின் ஓ படிவமும் ஒரே குழந்தைக்குச் சென்று சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

ஓ என்பது மறைந்து நிற்பதற்கும் காரணம் உண்டு. ஏ படிவம் தரும் நொதி சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒருவகைச் சர்க்கரையைச் சேர்க்கிறது, பி படிவத்தின் நொதி வேறொன்றைச் சேர்க்கிறது; இவ்விரு நொதிகளுக்கும் இடையே நான்கு அமினோ அமிலங்களே வேறுபாடு. பரவலாகக் காணப்படும் ஓ படிவத்தில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. ரைபோசோம் எழுத்துகளை மும்மூன்றாகவே படிக்கும். 64 மும்மைகளில் 61 அமினோ அமிலங்களையும் 3 நிறுத்தத்தையும் குறிக்கின்றன என்பதை வெளிப்படுத்திய பணிக்காகவே ஹர் கோவிந்த் குரானா 1968-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஓர் எழுத்து விடுபட்டதும் அதற்குப் பின்வரும் மும்மைகள் யாவும் இடம் நகர்ந்து பொருள் மாறி, விரைவிலேயே நிறுத்தக் குறி வந்துவிட, பயனற்ற குறைப் புரதமே உருவாகிறது. உடனிருக்கும் ஏ அல்லது பி தன் வேலையைச் செய்துவிடுவதால் குறை வெளியில் தெரிவதில்லை.

பெற்றோரில் ஒருவர் ஏபி வகையாக இருந்தால் ஓ வகைக் குழந்தை பொதுவாகப் பிறக்காது. அங்கும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பம்பாய் இரத்த வகையில், ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கான அடித்தளமே இல்லாததால், வழக்கமான சோதனையில் அது ஓ போலவே தோன்றும்.

கேள்வி: வீரிய ஒட்டுத் தென்னையின் காயை முளைக்கவைத்து நடலாமா?
– ஒரு வாசகர், இரணியல்

பதில்: நடலாம், தாயைப் போலவே காய்க்கும் என்று நம்பி நடக்கூடாது. குட்டையும் நெட்டையும் கலந்த முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும். அதன் காய்களில் மரபணுப் படிவங்கள் மீண்டும் பிரிந்து சேர்வதால் கன்றுக்குக் கன்று வேறுபடும். மெண்டல் 1866-இல் பட்டாணியைக் கொண்டு வெளியிட்டது இதைத்தான். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகத்தின் மரங்கள் ஒரே சீராக இருப்பது, அவை விதையிலிருந்து வராமல் ஒட்டுக்கட்டிய கன்றுகளாக வந்தவை என்பதால்.

கேள்வி: தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்ற கணக்கு முழுக்கச் சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பூதப்பாண்டி

பதில்: உட்கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பொறுத்தவரை சரி. உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 16,569 எழுத்து இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட சிறிய வளைய டி.என்.ஏ. தனியாக உள்ளது, இது கருமுட்டை வழியாக, தாயிடமிருந்தே வருகிறது. நாஞ்சில் நாட்டில் முன்பு வழங்கிய மருமக்கள்வழியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: சொத்தை ஆண் அனுபவிக்கலாம், தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியாது, சகோதரியின் பிள்ளைகளுக்கே அது சேரும். இந்த டி.என்.ஏ.வில் ஏற்படும் பிழையால் வரும் நோய் ஓர் ஆணுக்கு இருந்தால் அவருடைய குழந்தைகளுக்கு அது செல்வதில்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றின் மரபணுக்கள் உட்கருவில்தான் உள்ளன. அவற்றால் வரும் மைட்டோகாண்ட்ரிய நோய்கள் இருவழியாகவும் வரலாம் என்பதால், குடும்பத்தில் அத்தகைய நோய் உள்ளவர்கள் எது என்பதை மரபணுச் சோதனையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.