கோவாவில் 'நேஷனல்ஸ்': ரூ.16,500 கட்டலாமா?

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான். 400 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்டத்தில் முதலிடம், மாவட்டத்தில் நான்காமிடம். மாநிலப் போட்டிக்குப் போக முடியவில்லை. மைதானத்துக்கு வரும் தனியார் கோச் ஒருவர், "கோவாவில் நேஷனல்ஸ் நடக்கிறது, ரூ.16,500 கட்டுங்கள், கூட்டிப் போகிறேன். அந்த சர்டிபிகேட் இருந்தால் இன்ஜினீயரிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உறுதி" என்கிறார். இதற்கிடையில் ஒரு தனியார் பள்ளி, ஃபீஸ் வாங்காமல் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆள் அனுப்பியிருக்கிறது. நான் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறேன். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். என்ன செய்வது?
- ஒரு தாய், சிவகாசி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. கையிலேயே பணம் இருந்தாலும் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உங்கள் மகள் மாவட்டத்தில் நான்காவதாக வந்தாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். மற்ற மாவட்டங்களில் ஜெயித்தவர்கள் வேறு இருக்கிறார்கள். இத்தனை பேரில் தமிழ்நாட்டின் சார்பில் ஓட இவளை யாரோ தேர்ந்தெடுத்திருந்தால், அந்தத் தேர்வு என்றைக்கு நடந்தது, எந்த மைதானத்தில் நடந்தது, நடத்தியது யார்? கோச்சிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். பணம் கட்டுவதுதான் தேர்வு என்று பதில் வந்தால் அது மாநில அணி இல்லை, சுற்றுலா.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழைப் பார்க்கிறவர்கள் பதக்கம் தங்கமா வெள்ளியா என்று முதலில் பார்ப்பதில்லை. போட்டியை நடத்தியது யார், பிள்ளையை அனுப்பியது யார், கையெழுத்து யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். மத்திய அரசு வேலைக்கான விதிகளில் இதற்கென்றே படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, அதில் தேசிய சம்மேளனத்தின் செயலர் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, கையெழுத்து மாநிலச் சங்கத்தின் செயலருடையது. பல்கலைக்கழகத்துக்குப் படிவம் 3. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்குப் படிவம் 4. அதில் கல்வித் துறையில் விளையாட்டுப் பொறுப்பில் இருக்கும் இயக்குநரோ இணை, துணை இயக்குநரோ கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கோச்சிடம், "கோவா போய் வந்தால் எந்தப் படிவத்தில், யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

அந்தச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன். கெட்டியான வழவழப்புத் தாள், சுற்றிலும் தங்க நிற பார்டர். மேலே 'ஆல் இந்தியா', 'ஸ்டூடன்ட்', 'ரூரல்', 'ஃபெடரேஷன்' என்ற சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்ட ஒரு பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரிசையாக 'அரசுப் பதிவு பெற்றது', 'ஐ.எஸ்.ஓ. 9001', 'எம்.எஸ்.எம்.இ. பதிவு'. இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் எந்தச் சங்கத்தையும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்துவிடலாம். எம்.எஸ்.எம்.இ. என்பது சிறுதொழிலுக்கான பதிவு. இந்தப் பதிவுகள் எதுவும் ஓர் அமைப்புக்கு இந்தியாவின் பெயரிலோ தமிழ்நாட்டின் பெயரிலோ போட்டி நடத்தும் உரிமையைத் தராது. எந்த விளையாட்டுக்கு எது அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனம் என்ற பட்டியலை மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிடுகிறது. தடகளத்துக்கு அது இந்திய தடகள சம்மேளனம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் அதன் கிளை, தமிழ்நாடு தடகளச் சங்கம். பள்ளி வழியாகப் போவதென்றால் 1954-இல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு. வேறு பெயர் எது இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இன்னோர் அடையாளமும் உண்டு. இந்த 'நேஷனல்ஸ்' பிரசுரங்களில் கபடிக்கு 'தமிழ்நாடு ஏ', 'தமிழ்நாடு பி', 'தமிழ்நாடு சி' என்று மூன்று அணிகளைப் பார்க்கலாம். உண்மையான தேசியப் போட்டிக்கு மாநிலத்திலிருந்து ஒரு பிரிவில் ஓர் அணிதான் போகும். மூன்று அணி வருகிறதென்றால், மூன்று கோச்சுகள் பணம் திரட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கோச் இருபது பிள்ளைகளைச் சேர்த்தால் ரூ.3,30,000. ரயில் டிக்கெட், மண்டபத்தில் தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இதே ஆட்கள்தான் சிலம்பம் சுற்றும் பிள்ளைக்கும் யோகா செய்யும் பிள்ளைக்கும் 'உலக சாதனை' பட்டயம் விற்கிறார்கள். அதை வைத்துக் கல்லூரி சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூட வாங்க முடியாது.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பதினைந்து வயதுப் பெண் குழந்தையை யாருடைய பொறுப்பில் கோவாவுக்கு அனுப்புகிறீர்கள்? பள்ளி அணி வெளியூர் போனால் தலைமை ஆசிரியரின் அனுமதி இருக்கும், பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் ஒருவர் போவார், ஏதாவது நடந்தால் பதில் சொல்ல ஒரு துறை இருக்கும். இந்தத் தனியார் பயணங்களில் அப்படி யாரும் கிடையாது. தலைமை ஆசிரியருக்கே தெரியாமல் காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மாநிலத் தேர்வு இல்லாத எல்லாப் போட்டியும் ஏமாற்று என்று நினைத்துவிடுவீர்கள். மாவட்டத்திலிருந்து நேராகத் தேசிய அளவுக்குப் போகும் உண்மையான போட்டி ஒன்று தடகளத்தில் இருக்கிறது. மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் தடகளப் போட்டி என்பார்கள். மைதானத்தில் எல்லோரும் சொல்வது 'நிட்ஜாம்'. இந்திய தடகள சம்மேளனமே நடத்துகிறது. 2023-இல் பாட்னாவில் நடந்தது, 2024-இல் அகமதாபாத்தில் நடந்தது. நாடு முழுவதிலுமிருந்து 14 வயதுக்கு உட்பட்டோரும் 16 வயதுக்கு உட்பட்டோரும் தங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே ஓடுகிறார்கள். சிற்றூர்களில் இருக்கும் திறமையை நேரடியாகக் கண்டுபிடிப்பதுதான் இதன் நோக்கம். உங்கள் மகளுக்கு வயது பொருந்தினால் இதற்கு அவசியம் முயலுங்கள். ஆனால் இங்கே 400 மீட்டர் கிடையாது. 16 வயதுப் பிரிவில் 60 மீட்டர், 600 மீட்டர் என்றுதான் ஓட்டங்கள் இருக்கும். 400 ஓடுகிற பிள்ளைக்கு 600 தாங்கும். கடைசி இருநூறு மீட்டருக்கு மூச்சைச் சேமித்து ஓடத் தனியாகப் பழக வேண்டும். பெயர் கொடுக்க மாவட்டத் தடகளச் சங்கத்தைத்தான் அணுக வேண்டும். அதற்கு முன் சம்மேளனத்தின் இணையதளத்தில் பதிந்து யு.ஐ.டி. எனும் தனி அடையாள எண் வாங்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் தயாராக இருக்க வேண்டும். இது அசல் தேசியப் போட்டி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அவள் ஓடுவது மாவட்டத்துக்காக. படிவம் 2 கேட்பது மாநிலத்துக்காக ஓடினாளா என்று. ஆகவே நிட்ஜாமில் கலந்துகொண்டதாலேயே கோட்டா உறுதி என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அங்கே நன்றாக ஓடினால் பெரிய பயிற்சியாளர்களின் கண்ணில் படுவாள். அதன் பயன் அதுதான்.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு வருடம் குறைத்து வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எலும்பு வயதுப் பரிசோதனையில் பிடிபட்டால் பிள்ளையின் ஓட்டமே அதோடு முடிந்துவிடும்.

சரி, நேர் வழி என்ன? பள்ளி வழியாகக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம், அதன் பிறகு தேசியம். அடுத்த ஆண்டும் அதன் அடுத்த ஆண்டும் அவளுக்கு இந்த வாய்ப்பு இருக்கிறது. சங்கத்தின் வழியாக மாவட்ட, மாநிலத் தடகளப் போட்டிகள் உண்டு. மூன்றாவது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை. இணையத்தில் பதிந்துகொண்டால் போதும். பள்ளிப் பிரிவில் மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ரூ.1 லட்சம், இரண்டாம் பரிசு ரூ.75,000. நீங்கள் பணம் கட்டி ஓட வேண்டியதில்லை, ஜெயித்தால் அவர்கள் தருவார்கள். இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லாமல் கோவாவைச் சொல்கிற கோச்சை என்னவென்பது?

நேர் வழி சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். 400 மீட்டர் ஓடும் பிள்ளைக்கு 200 மீட்டர் மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, அதுவும் முதல் மழையில் அழிந்துபோகும். ஒரு கையெழுத்துக்காகப் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் சென்னை பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்துக்குத் தென்கோடியிலிருந்து இரவு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. எந்தெந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஒவ்வொரு பள்ளித் தகவல் பலகையிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? அதைச் செய்யாமல் விட்டதால்தான் இந்த இடைத்தரகர்கள் மைதானத்துக்குள் வந்து நிற்கிறார்கள். துறையை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி தனியார் பள்ளி. கோவாவைவிட இதில்தான் நீங்கள் அதிகம் இழப்பீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகள் ஐந்து வருடத்தை முடிக்கப் போகிறாள், இன்னும் இரண்டே வருடம். பதினொன்றில் தனியார் பள்ளிக்குப் போனால் அத்தனையும் போச்சு. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் ரூ.1,000 வருமே, அதுவும் வராது. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று இருப்பது 500 இடம். அதற்குத் தமிழ்நாடு முழுவதும் மாநில, தேசியப் பதக்கக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 7.5 சதவீதத்தில் ஆயிரக்கணக்கான இடங்கள் இருக்கின்றன. உறுதியாகக் கையில் இருப்பதை விட்டுவிட்டு, அந்தப் பள்ளியின் விளம்பர பேனரில் அவள் படம் வருவதற்காக மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடாதீர்கள். 'ஃபீஸ் இல்லை' என்பது வாய்வார்த்தை. காயம் பட்டு ஒரு சீசன் ஓட முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள்.

நல்ல பயிற்சி வேண்டுமென்றால் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி இருக்கிறது. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். அவளுக்கு அடுத்த ஆண்டு சரியான நேரம். தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். இடம் கிடைத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: அந்த விடுதிப் பிள்ளைகளைப் படிக்க எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்? அது அரசுப் பள்ளியாகவே இருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் 7.5 சதவீதக் கணக்கில் சேராது. இதைச் சேர்க்கை நாளில் யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதுவரை வாங்கிய குறுவட்டச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் சரிபார்ப்பு முத்திரை வைக்க நேர்ந்தால் சிரமம். பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள். கோச்சிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் ஜி-பே செய்த விவரத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். அதே மைதானத்தில் வேறு பிள்ளைகளிடமும் அவர் பணம் கேட்டிருப்பார். அந்தப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.