கையில் இருந்த ஒயர்

கேள்வி: ஊரே கலங்கிக் கிடக்கும்போது எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏதாவது ஒரு புகைப்படத்தைப் பார்த்து எழுதத் தொடங்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: தாராளமாக. ஆனால் படம் முழுவதையும் எழுதப் போகாதீர்கள். நான் போய் மூக்குடைபட்டவன். 2017 நவம்பர் 30, குமரி மாவட்டத்தில் ஒக்கி புயல். மரமும் மின்கம்பமும் சாய்ந்து ஊர்கள் இருண்டு கிடந்த நாள்களில் ஒரு படம் பார்த்தேன். கடலோர ஊரான தூத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண், பின்னால் கடல். கடலைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். அத்தனையும் ஒப்பாரி (அதுவும் இரவல் ஒப்பாரி). கிழித்துப் போட்டேன். பிறகுதான் அவர் கையைக் கவனித்தேன்: அணைந்துபோன செல்போன், அதைச் சுற்றிய சார்ஜர் ஒயர். கடலுக்குப் போனவர் அழைத்துவிட்டால்? ஜெனரேட்டர் ஓடும் கடை வரை அவரை நடக்கவிட்டேன். ஒன்றரைப் பக்கத்தில் கதை முடிந்துவிட்டது.