சயாம் பட்டியலில் அப்பாவின் கையெழுத்து: கேள்வி பதில்

கேள்வி: மலாயாவில் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா இறந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) அனுப்பப்பட்ட தொழிலாளர்களின் பட்டியல் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. அவர் துரோகியா ஐயா?

பதில்: அம்மா, கையெழுத்தை மட்டும் பார்த்து அப்படி முடிவுகட்ட என் மனம் ஒப்பவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின், 415 கிலோமீட்டர் நீளமான சயாம்–பர்மா ரயில் பாதைக்கு நல்ல கூலி தருவதாகச் சொல்லி ஜப்பானியர் தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். போதிய ஆள் வராதபோது பிடித்தும் கொண்டுபோனார்கள். கிராணிகள் பலர் அச்சத்தில் எழுதினார்கள், சிலர் ஆதாயத்துக்காகவும் எழுதினார்கள். ஆகவே அடித்தல் திருத்தல்களைக் கவனியுங்கள். நான் பார்த்த ஒரு தாளில் ஒரு பெயர் பென்சிலால் அடிக்கப்பட்டு, அதன் மேலேயே வேறு மையில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. ஒருவரைக் காப்பாற்றிய கை இன்னொருவரை அனுப்பியிருக்கிறது. உங்கள் தாளிலும் அப்படி இருந்தால், இரண்டையும் சேர்த்தே அப்பாவின் கணக்கில் எழுத வேண்டும்.

கேள்வி: எங்களிடம் உள்ள தாளில் ஆண்டு 2603 என்றிருக்கிறதே?

பதில்: அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660-ஐக் கழித்தால் 1943. பாதையில் காலரா பரவியதும், அக்டோபரில் தண்டவாளங்கள் இணைக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.

கேள்வி: அப்பா தம்மை ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர் என்றே சொல்லிவந்தார். நாட்குறிப்போ, அதற்கு முன் ரயில் பாதையில் கங்காணியாக (தொழிலாளர்களை மேய்ப்பவராக) இருந்தார் என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தபின் திரண்டவர்களில் நாட்டுப்பற்றால் சேர்ந்தவர்களும் உண்டு, சயாமுக்கு அனுப்பப்படாமல் தப்பச் சேர்ந்தவர்களும் உண்டு. சொல்லாமல் விட்ட மாதங்கள் எவை என்று பாருங்கள். அவரை வருத்தியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: குடும்ப மானம் போகும், எரித்துவிடு என்கிறார் அண்ணன்.

பதில்: தயவுசெய்து எரிக்காதீர்கள். அந்தப் பாதை சென்ற தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அங்கே மடிந்த தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. உங்கள் அப்பா எழுதிய அந்த வரி, வேறொருவருடைய அப்பாவைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம். துருப்பிடித்த குண்டூசியை மெல்ல எடுங்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். பின்புறத்தில்தான் சில சமயம் போனவரின் மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும்.