திக்குவாய்ச் சிகிச்சையில் தரும் பயிற்சிகளை வெளியில் செய்ய முடிவதில்லை. குறை என்னிடமா?

நான் சிகிச்சையாளன் அல்லன். சிறு வயது முதல் திக்கிப் பேசுபவன், சிங்கப்பூரில் இருவரிடம் சிகிச்சை பெற்றவன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலாமவர் வாரந்தோறும் ஒரு தாள் தருவார். தினமும் இருபது நிமிடம் உரக்க வாசிக்க வேண்டும், மூன்று அந்நியரிடம் பேச வேண்டும். தனியாக வாசிக்கையில் எனக்குத் திக்குவதே இல்லை. அந்நியரிடம் பேசவோ துணிவில்லை. எனவே சந்திப்புக்கு முந்தைய இரவு எல்லாக் கட்டங்களிலும் பொய்யாக டிக் போட்டுக் கொண்டுபோவேன்.

இரண்டாமவர் தாள் எதுவும் தரவில்லை. "இந்த வாரம் எந்தச் சொல்லைச் சொல்லாமல் தவிர்த்தீர்கள்?" என்று கேட்டார். கோப்பி என்றேன். ககரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால், தேக்கா உணவங்காடியில் கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) குடிக்க ஆசைப்பட்டுப் பல ஆண்டுகளாகத் தே-ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கிக் குடித்திருக்கிறேன். இப்படி நழுவுவதற்கு இந்த ஊர் மிகவும் வசதியானது: தமிழ்ச் சொல் வராவிட்டால் ஆங்கிலத்துக்கும், அதுவும் வராவிட்டால் மலாய்க்கும் தாவலாம், எல்லாரும் அப்படிப் பேசுவதால் யாருக்கும் ஐயம் எழாது. சொந்தப் பெயருக்குத்தான் மாற்றுச் சொல் இல்லை என்பதைத் தேசிய சேவையில் சேர்ந்த முதல் நாளே அறிந்துகொண்டேன்.

ஆகவே கோப்பி கேட்பதே பயிற்சி என்று இருவரும் முடிவு செய்தோம். திக்கினால் அந்தச் சொல்லை எப்படியாவது முடித்துவிட்டு, சற்று நிறுத்தி, இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடியும் சொல்ல வேண்டும்; தாமே திக்கிப் பேசியவரான அமெரிக்கச் சிகிச்சையாளர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த முறை இது. எத்தனை முறை திக்கினேன் என்று எண்ணிக் குறிக்கும்படி என் சிகிச்சையாளர் சொன்னதை மட்டும் நான் மறுத்தேன், ஏனெனில் எண்ணத் தொடங்கினால் பேச்சையே குறைத்துவிடுவேன். சொல்ல நினைத்ததையே சொன்னேனா என்பதை மட்டும் கைப்பேசியில் குறிப்பதாக ஒப்புக்கொண்டோம்.

முதல் வாரம் அதையும் நான் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று அவர் கேட்கவில்லை. எந்த இடத்தில் திரும்பி வந்தேன் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தபோது, கடைக்காரரைவிட, பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பெருமூச்சுதான் என்னை விரட்டியது என்று புரிந்தது. நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினோம். அவரும் உடன் வந்து, எனக்கு முன்பாகத் தாமே வேண்டுமென்றே "கோ-கோ-கோப்பி" என்று திக்கிக் கேட்டார். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "புங்குஸ்?" என்றார். கட்டித் தர வேண்டுமா என்பது மட்டுமே அவருடைய கவலை! அன்று நானும் கேட்டேன், நன்றாகவே திக்கி.

எனவே அடுத்த சந்திப்பில், செய்யவில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, எங்கே தடுக்கிறது என்பதைச் சிகிச்சையாளருடன் சேர்ந்து தேடுங்கள். பயிற்சியின் இடம், நேரம், அளவு ஆகியவற்றை மாற்றக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத்தானே தெரியும்? கேட்ட பிறகும் அதே தாளையே நீட்டுபவராக இருந்தால், வேறொருவரைப் பார்ப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

எங்களுடைய இப்போதைய பேரம், பெரியம்மாவிடம் தொலைபேசியில் மொழி தாவாமல் தமிழிலேயே பேசுவது பற்றியது. சிகிச்சையாளர் பத்து நிமிடம் என்கிறார், நான் மூன்று என்கிறேன்.